3எஸ் 2200 லிப்போ: 700 கிராம் பிளேனுக்கு இவ்வளவு பெரிய பேட்டரி எதற்கு?

ஆர்.சி. (ரேடியோவில் இயக்கும்) பிளேன் பறக்கவிடப் புதிதாக வருகிறவர் பேட்டரி கேட்டுக் கடைக்குப் போனால், பெரும்பாலும் கையில் வந்து விழுவது 3எஸ் 2200 லிப்போ, அதாவது மூன்று செல்லை வரிசையாகக் கோத்த, 2200 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள லித்தியம் பாலிமர் பேட்டரி. சென்னை ரிச்சி தெருவானாலும் ஆன்லைன் கடையானாலும் எப்போதும் ஸ்டாக்கில் இருப்பது இதுதான். அதற்குக் காரணம் பிளேன்கூட இல்லை, ட்ரோன். எஃப்450 என்ற ட்ரோன் சட்டகத்தில் நாலு மோட்டார் பூட்டிக் கல்லூரி புராஜெக்ட் செய்கிறவர்கள் வழக்கமாக வாங்குகிற அளவு 2200. கடைக்காரருக்கு அது ஓடுகிற சரக்கு. பிளேன்காரரும் அதையே வாங்கிக்கொண்டு போகிறார். பெரிய பேட்டரி போட்டால் நிறைய நேரம் பறக்குமே என்ற நினைப்பும் சேர்ந்துகொள்கிறது.

இங்கே எடைபோடப்போவது அந்த 2200-ஐத்தான். ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் பேட்டரி என்றில்லாமல், 25சி முதல் 35சி வரை (கொள்ளளவைப்போல் எத்தனை மடங்கு மின்னோட்டம் தரும் என்பதுதான் சி) அச்சிட்டு, எக்ஸ்.டி.60 கனெக்டரோடு வரும் சாதாரண பேக். அளவுகோலாக எடுத்துக்கொள்வது மல்ட்டிப்ளெக்ஸ் கம்பெனியின் ஈஸிஸ்டார் 2. இறக்கை முனைக்கு முனை 1366 மி.மீ., இறக்கைப் பரப்பு சுமார் 28 சதுர டெசிமீட்டர், பறக்கும் எடை சுமார் 700 கிராம். மோட்டார் இறக்கைக்குப் பின்னால் உயரத்தில் உட்கார்ந்து தள்ளும். பேட்டரி மூக்கில் இருக்கும். இதே பாணியில் வேறு பெயர்களில் விற்கும் நுரைப் பிளேன்களுக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: பேட்டரி நல்லது, இந்தப் பிளேனுக்கு ஆகாது. ஏன் ஆகாது என்பதைக் கிராம் கணக்கில் பார்ப்போம்.

சமையலறைத் தராசு ஒன்று போதும், 1 கிராம் வரை காட்டுவது. 3எஸ் 1000 பேக் வயர், கனெக்டர் எல்லாம் சேர்த்து 90 கிராம் பக்கம் வரும். 1300 என்றால் 115. 2200 என்றால் 185-ஐ ஒட்டி. லேபிளில் போட்டிருக்கும் எடையை நம்ப வேண்டாம். பல பேக்குகளில் அது வயரும் கனெக்டரும் சேர்க்காத எடை. பிளேனையும் அப்படியே, ப்ராப்பெல்லர், ரப்பர் பேண்டு, ஸ்டிக்கர், கேமரா என்று பறக்கும்போது எதெல்லாம் மேலே போகுமோ அதெல்லாம் சேர்த்துத்தான் நிறுக்க வேண்டும். பேட்டரி இல்லாமல் பிளேன் 610 கிராம் என்று வைத்துக்கொண்டால், 1000 பேக்கோடு 700. 2200 பேக்கோடு 795.

95 கிராம்தானே கூடியிருக்கிறது என்று தோன்றும். தராசு சொல்வது அதோடு முடியவில்லை.

அந்த 95 கிராம் எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். பேட்டரியின் நடுப்பகுதி சி.ஜி.க்கு (பிளேனின் எடை சமநிலை கொள்ளும் புள்ளி) 180 மி.மீ. முன்னால் இருப்பதாக வைப்போம். 95 கிராமை 180-ஆல் பெருக்கி, மொத்த எடை 795-ஆல் வகுத்தால் 21.5. அதாவது சி.ஜி. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் முன்னால் நகர்ந்துவிட்டது. ஈஸிஸ்டார் அளவுப் பிளேனில் 5 மி.மீ. நகர்ந்தாலே கையில் தெரியும், 20 மி.மீ. என்பது வேறு பிளேன். எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு) நிரந்தரமாக மேலே தூக்கி ட்ரிம் வைத்தால்தான் நேராகப் போகும். த்ராட்டிலைக் குறைத்த மறுகணம் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கும். தரையைத் தொடும் நேரத்தில் மூக்கைத் தூக்கலாம் என்று ஸ்டிக்கை இழுத்தால், எலிவேட்டர் ஏற்கெனவே பாதி தூரம் தூக்கியபடி நிற்பதால் மிச்சம் இருக்காது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, வாலில் ஈயம் ஒட்டுவது. சி.ஜி.யிலிருந்து வால் 550 மி.மீ. தள்ளி இருந்தால் 95 × 180 ÷ 550 = 31 கிராம். இப்போது பிளேன் 826 கிராம். கூடுதல் எடையைச் சமன்செய்யக் கூடுதல் எடை: 700 கிராமில் இருந்தது 18 சதவீதம் ஏறிவிட்டது. இன்னொரு வழி, பேட்டரியைப் பின்னால் தள்ளுவது. 90 × 180 = 16,200; இதை 185-ஆல் வகுத்தால் 88. அதாவது 180-ல் இருந்த பேட்டரி 88-க்கு வர வேண்டும், ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் பின்னால். அதற்கு உள்ளே நுரையை வெட்ட வேண்டும். வெட்டுகிற இடமோ காக்பிட்டுக்கும் இறக்கைக்கும் நடுவே, மூக்கு குத்தி விழும்போது உடம்பு முறிகிற அதே இடம். வெட்டியே ஆக வேண்டுமென்றால் சூடான கம்பியால் அல்லது புதிய பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, பக்கச் சுவரை 10 மி.மீ.க்குக் குறையாமல் விட்டு, உள்ளே இரண்டு பக்கமும் ஃபைபர் டேப் ஒட்டிவிடுங்கள். அந்த டேப்பும் இரண்டு மூன்று கிராம் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.

இனி காற்றில் நடப்பது. ஒரு டெசிமீட்டர் சதுரம் என்பது 10-க்கு 10 செ.மீ., ஏறக்குறைய ஒரு உள்ளங்கை. 700 கிராமில் ஒவ்வொரு உள்ளங்கைப் பரப்பும் 25 கிராம் சுமக்கிறது. 826 கிராமில் 29.5. இறக்கை தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஸ்டால் ஆகும் வேகம், அதாவது இறக்கை தூக்க முடியாமல் விட்டுவிடும் வேகம், எடையின் வர்க்கமூலத்தோடு ஏறும். இறக்கை அதிகபட்சம் கொடுக்கும் தூக்குக் கெழுவை 1 என்று எடுத்தால், கடல் மட்டத்தில் 700 கிராம் பிளேன் மணிக்கு 22.8 கி.மீ.யில் ஸ்டால் ஆகும். 826 கிராம் 24.7-ல். வித்தியாசம் இரண்டு கிலோமீட்டர்தான். பெரிய பேட்டரிக்காரர்கள் "ஒண்ணும் தெரியல, நல்லாத்தான் பறக்குது" என்று சொல்வதன் காரணம் இதுதான். உயரத்தில், நேராக, த்ராட்டில் கொடுத்துப் பறக்கையில் தெரியாது.

திரும்பும்போது தெரியும். 45 டிகிரி சாய்த்தால் ஸ்டால் வேகம் 1.19 மடங்கு, 60 டிகிரியில் 1.41 மடங்கு. 826 கிராம் பிளேன் 60 டிகிரி சாய்ந்த திருப்பத்தில் 35 கி.மீ.க்குக் கீழே போனால் ஒரு இறக்கை விட்டுவிடும்; 700 கிராமுக்கு அந்தக் கோடு 32. புதியவர் எங்கே இப்படித் திருப்புவார்? தரையிறக்க வரும்போது, மைதானத்தின் ஓரம் நெருங்குகிறது என்று பதறி, த்ராட்டில் குறைந்த நிலையில். பார்க்கிறவர்கள் ரேடியோ சிக்னல் போய்விட்டது என்பார்கள். பெரும்பாலும் ஸ்டால்தான்.

வெயிலையும் சேர்க்க வேண்டும். மே மாதம் 38 டிகிரியில் காற்று லேசாகிவிடுவதால் இந்த வேகங்கள் எல்லாம் 4 சதவீதம் கூடும். 2240 மீட்டர் உயரத்து ஊட்டியில் 14 சதவீதம். சமவெளியில் 2200-ஐச் சமாளித்த பிளேனைக் கோடை விடுமுறைக்கு ஊட்டிக்குக் கொண்டுபோனால், அங்கே 28 கி.மீ.யில் ஸ்டால். அதே வேகத்துக்குச் சமவெளியில் 1060 கிராம் ஏற்ற வேண்டியிருக்கும்.

எடையின் முழு வட்டியும் தரையில்தான் கேட்கப்படும். எடை கூடினால் இறங்கும் வேகமும் கூடும், மோதும் ஆற்றல் இரண்டையும் பெருக்கிக்கொண்டு வரும். கணக்கில் எடையின் வர்க்கமாக முடியும். 826-ஐ 700-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.39. பதினெட்டு சதவீத எடைக்கு முப்பத்தொன்பது சதவீத அடி. ஜூல் கணக்கில் 14-ம் 19.5-ம். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைச் சாப்பாட்டு மேசை உயரத்திலிருந்து தவறவிடுவது முதலாவது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விடுவது இரண்டாவது. இதுவும் ஸ்டால் வேகத்தில் மெதுவாக இறங்கியதாக வைத்த கணக்கு. உண்மையில் இறங்க வரும் வேகம் அதைப்போல் 1.3 மடங்கு இருக்கும்.

அடியை வாங்குவது மூக்கு. 2200-க்கு இங்கே இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு: பிளேன் நின்றாலும் பேட்டரி நிற்காது. 185 கிராம் செங்கல் துண்டு மாதிரி முன்னே பாய்ந்து மூக்கை உள்ளிருந்து குத்திக் கிழிக்கும். பேட்டரிக்கு அடியில் ஒட்டும் வெல்க்ரோ மட்டும் இதைத் தாங்காது, ஏனென்றால் பேட்டரியின் மேல் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையே உரிந்து வந்துவிடும். குறுக்கே இழுத்துக் கட்டும் வெல்க்ரோ பட்டை ஒன்று வேண்டும், பேட்டரிக்கு முன்னால் 20 மி.மீ. மென்மையான ஸ்பாஞ்சும் வேண்டும். தெர்மோகோல் துண்டு வேண்டாம், அது ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான். மூலை நசுங்கிய லிப்போவைத் திரும்பப் போட்டுப் பறக்காதீர்கள். வெளியே எடுத்து, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத வெறுந்தரையில் அரை மணி நேரமாவது வைத்துப் பாருங்கள். விழுந்த உடனே எதுவும் ஆகாமல், காரில் வைத்த பிறகு புகைவது லிப்போவின் வழக்கம்.

கையால் எறிந்து கிளப்புவதிலும் இதே கதை. ஈஸிஸ்டாருக்குச் சக்கரம் கிடையாது. 700 கிராமில், எதிர்க்காற்றில், பாதி த்ராட்டிலுக்குச் சற்று மேலே வைத்து நேராகத் தள்ளிவிட்டால் போதும். 826 கிராமில் அந்தத் தள்ளு பற்றாது. பிளேன் முதல் இரண்டு நொடி அமிழும். அமிழ்வதைப் பார்த்ததும் கை தன்னாலே முழு த்ராட்டில் கொடுக்கும். மோட்டார் உயரத்தில் இருக்கிற பிளேன் இது, முழு த்ராட்டில் மூக்கைக் கீழே அழுத்தும். மூக்கு ஏற்கெனவே கனம். முடிவு தெரிந்ததுதான். இந்த வகைப் பிளேன் எறிந்த பத்தடியில் மூக்கு குத்தினால், ட்ரிம்மைத் தொடும் முன் தராசை எடுங்கள்.

சரி, நேரமாவது நிறையக் கிடைக்கிறதா? கிடைக்கிறது, ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை. ஒரே மாதிரி பறக்கும்போது தேவைப்படும் பவர் எடையின் ஒன்றரை அடுக்காக ஏறும். 826 கிராமுக்கு 1.28 மடங்கு. ஆகவே பேட்டரி 2.2 மடங்கு பெரிதானாலும் நேரம் 1.7 மடங்குதான். 1000 பேக்கில் 80 சதவீதம் செலவழித்து, சராசரி 4.8 ஆம்பியரில் 10 நிமிடம் பறந்தால், 2200-ல் 17 நிமிடம். நுரையை வெட்டிப் பேட்டரியைப் பின்னால் தள்ளி ஈயம் இல்லாமல் 795 கிராமில் நிறுத்தினால் 18.

இப்போது வேறு மாதிரி கணக்குப் போடுங்கள். இரண்டு 1000 பேக், மொத்தம் 180 கிராம். ஒன்று பிளேனில், ஒன்று பையில். மொத்தம் 20 நிமிடம், முழுக்க 700 கிராமில். நடுவே ஒருமுறை இறக்க வேண்டும். புதியவருக்குத் தரையிறக்கும் பயிற்சிதான் அதிகம் தேவை, அதனால் அது நஷ்டக் கணக்கில் வராது. போதாததற்கு, பதினைந்து நிமிடம் தொடர்ந்து ஸ்டிக் பிடித்தால் கண்ணும் கவனமும் தளர்ந்துவிடும். விலை கடைக்குக் கடை மாறும். இரண்டு சின்ன பேக்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டி வரலாம். அந்தப் பணத்தை ஒரு மூக்கின் விலையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எடை கூடினால் காற்றில் அலைக்கழியாமல் போகும் என்பது பெரிய பேட்டரிக்குச் சொல்லப்படும் இன்னொரு வாதம். கொள்கையில் சரிதான். கிளைடர் ஓட்டுகிறவர்கள் காற்று பலமாக இருக்கும் நாளில் வேண்டுமென்றே பளு ஏற்றுவார்கள். எடை ஏறினாலும் சறுக்கும் கோணம் மாறாது, வேகம் மட்டும் கூடும். ஆனால் எவ்வளவு கூடுகிறது? 36 கி.மீ.யில் போவது 39-ஆகும். அவ்வளவுதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அங்கே 126 கிராம் பளு எந்த மூலைக்கு? காற்று 20 கி.மீ.யைத் தாண்டினால் இந்த வகைப் பிளேனை மூட்டை கட்டிவிட்டு மறுநாள் காலை ஆறு மணிக்கு வருவதுதான் வழி.

2200-க்கு உண்மையான ஒரு நன்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. வோல்ட்டேஜ் இறங்காமல் நிற்கும். பயிற்சிப் பிளேனுக்கு ஒரு கிலோவுக்கு 150 முதல் 180 வாட் என்பது வழக்கமான கணக்கு. 700 கிராமுக்கு 110 வாட், 11.1 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியர். 1000 பேக்குக்கு அது 10சி. 2200-க்கு 5சி கூட இல்லை. பழசான, அல்லது லேபிளில் மட்டும் 25சி உள்ள 1000 பேக், முழு த்ராட்டிலில் திணறும், சூடாகும், ஆறு மாதத்தில் உப்பும். 2200 இதற்கெல்லாம் அசையாது. ஆனால் இந்த நன்மையைக் கொண்டே எடை நம்மிடம் வசூல் செய்துகொள்கிறது: 110 வாட் 700 கிராமில் கிலோவுக்கு 157, 826 கிராமில் 133. வோல்ட்டேஜ் நின்றும் ஏறும் வேகம் குறைந்துபோகிறது.

1000 பேக் வாங்கும்போது பார்க்க வேண்டியது கனெக்டர். சின்ன சிவப்பு ஜே.எஸ்.டி. கனெக்டரோடு வருவதை விட்டுவிடுங்கள். தொடர்ந்து 5 ஆம்பியருக்கு மேல் அதற்குத் தாங்காது, உருகும். எக்ஸ்.டி.30 இருந்தால் சரி, எக்ஸ்.டி.60-ஐ விட எடையும் குறைவு. பேட்டரிக்கு ஏற்ற மாதிரி இ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை) வயரில் உள்ள கனெக்டரையும் மாற்றிச் சால்டர் வைத்துவிடுங்கள். நடுவில் அடாப்டர் வயர் போடுவது பத்து கிராமை வீணாகச் சுமப்பது.

சி எண்ணும் எடைதான். ஒரே 2200-ல் 25சி பேக் 170 கிராமில் கிடைக்கும், 60சி என்று போட்டது 200-ஐத் தொடும். இந்தப் பிளேன் இழுப்பது அதிகம் போனால் 12 ஆம்பியர். 2200 × 25சி என்றால் காகிதத்தில் 55 ஆம்பியர். லேபிளில் பாதி பொய் என்று வைத்தாலும் மிச்சம் கிடக்கிறது. 60சி வாங்குவது, கொடுத்த காசுக்கு ஈயக்கட்டியையும் சேர்த்து வாங்குவது.

இனி விதிவிலக்கு. பேட்டரியைப் பெரிதாக்குவது சரியான முடிவாக இருக்கும் இடம் ஒன்று உண்டு: வாலில் பழுது பார்த்த பிளேன். வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம் வேண்டும், 550-ஐ 180-ஆல் வகுத்த கணக்கு. முறிந்த வாலை எப்பாக்ஸியும் டேப்பும் போட்டு ஒட்டியதில் 8 கிராம் ஏறிவிட்டால் மூக்குக்கு 24 கிராம் தேவை. ஈயம் ஒட்டாதீர்கள். 1000-க்குப் பதில் 1300 போட்டால் 25 கிராம் கூடுகிறது, அப்படியே பொருந்திவிடும், நேரமும் இரண்டு நிமிடம் கிடைக்கும். சுமந்துதான் ஆக வேண்டுமென்றால் மின்சாரம் கொடுக்கிற பளுவைச் சுமக்கலாம். வாலில் எப்போதும் நுரைக்கென்றே உள்ள மெல்லிய சயனோ பசையைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஹாட் குளூ வாலுக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. துப்பாக்கியிலிருந்து ஒரு இழுப்பு வழிந்தாலே இரண்டு மூன்று கிராம், அதற்கு மூக்கில் ஒன்பது.

பேட்டரி மாற்றிய பிறகு சி.ஜி. பார்ப்பதில் நிறையப் பேர் செய்யும் தவறு, ஆர்வத்தில் பேட்டரியைச் செருகாமலும் மூடியைப் போடாமலும் பார்ப்பது. எல்லாம் பூட்டி, மேனுவலில் சொன்ன இடத்தில் இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் பென்சில் கோடு போட்டு, ஒவ்வொரு கையிலும் ஒரு விரல் நுனியால் தூக்குங்கள், ஃபேன் காற்று படாத அறையில். மூக்கு மிக லேசாகத் தாழ்ந்து நின்றால் சரி. வால் தாழ்ந்தால் பறக்கவே வேண்டாம். சரியான இடம் கிடைத்ததும் பேட்டரியின் முன்விளிம்பு எங்கே நிற்கிறது என்று பெட்டிக்குள் மார்க்கர் கோடு ஒன்று போட்டுவிடுங்கள். 1000-க்கு ஒரு நிறம், 1300-க்கு ஒரு நிறம்.

அப்படியானால் 2200 யாருக்கு? இதே கம்பெனியின் ஃபன்கப்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கை 1400 மி.மீ., ஈஸிஸ்டாரைவிடக் கொஞ்சம்தான் நீளம். ஆனால் அகலம் அதிகம், பரப்பு 38 சதுர டெசிமீட்டர், எடை சுமார் 1190 கிராம். 2200 அளவுப் பேட்டரியை மனதில் வைத்தே செய்த பிளேன் அது. வெவ்வேறு அளவுப் பிளேன்களை ஒப்பிட விங் லோடிங் (ஒரு டெசிமீட்டர் சதுரத்துக்கு எத்தனை கிராம் என்பது) ஏமாற்றும். க்யூப் லோடிங்தான் சரியான கோல். கிலோவில் எடையை, சதுர மீட்டரில் பரப்பின் ஒன்றரை அடுக்கால் வகுக்க வேண்டும். ஈஸிஸ்டார் 700 கிராமில் 4.7, 826 கிராமில் 5.6. ஃபன்கப் 2200 பேட்டரியைச் சுமந்துகொண்டே 5.1. அமெரிக்கப் பக்கங்களில் அவுன்ஸ், கன அடிக் கணக்கில் இதே எண்ணைப் பார்த்தால் மாற்ற வேண்டாம். இரண்டு அலகிலும் எண் ஒன்றாகவே வரும், தற்செயலாக அமைந்த சௌகரியம். 1.5 மீட்டர் இறக்கையுள்ள, அப்ரண்டிஸ் என்ற பயிற்சிப் பிளேன் மாதிரியானவற்றுக்கு 3எஸ் 3200 வரை போகும். அங்கே 2200 போட்டால் மூக்கு லேசாகிவிடும், அது எதிர்ப்பக்கத் தப்பு.

நேரம்தான் முக்கியம், கேமரா மாட்டி நிதானமாகச் சுற்ற வேண்டும் என்கிறவர்கள் 18650 லித்தியம் அயான் செல் பக்கம் பார்க்கலாம். 3000 அளவு செல் மூன்று, ஒன்று 47 கிராம், நிக்கல் பட்டை, வயர் எல்லாம் சேர்த்து 155 கிராமுக்குள் அடங்கும். 2200 லிப்போவைவிட எடை குறைவு, கொள்ளளவு அதிகம். குறை என்னவென்றால் திடீரென்று 15 ஆம்பியருக்கு மேல் கேட்டால் தராது, வோல்ட்டேஜ் சரியும். பழைய லேப்டாப், பவர் பேங்க் ஆகியவற்றில் பிரித்த செல் இதற்கு உதவாது, அவை 5 ஆம்பியரிலேயே மூச்சு வாங்கும். செல்லின் முனையில் நேரடியாகச் சால்டர் வைக்கவும் கூடாது, ஸ்பாட் வெல்டிங்தான்.

சட்டப்படி இந்த எடை வித்தியாசத்தால் எதுவும் மாறாது. 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை, 700-ம் 826-ம் ஒரே பெட்டிக்குள்தான். பறக்கும் இடம் பச்சை மண்டலமா (முன் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய பகுதியா) என்று பார்த்துக்கொள்ளவும்.

2200 ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் தூக்கிப் போட வேண்டாம். மைதானத்தில் 1000 பேக்கைச் சார்ஜ் செய்ய அதை வைத்துக்கொள்ளலாம். 24 வாட் மணி அதில் இருக்கிறது. 80 சதவீதம் பறந்து வந்த 1000-ஐ நிரப்ப 9 வாட் மணி போதும், சார்ஜரின் சேதாரம் தனி. 2200-லும் 80 சதவீதம்தான் எடுக்கலாம் என்பதால், கணக்குப்படி இரண்டு முறைக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். நடைமுறையில் ஒன்றரைதான், ஏனென்றால் உள்ளே வரும் வோல்ட்டேஜ் 11-க்குக் கீழே போனதும் பல சார்ஜர்கள் நின்றுவிடும். 1000 பேக்குக்கு 1 ஆம்பியர் என்று வைத்துச் சார்ஜ் போடுங்கள், பேலன்ஸ் வயரையும் (செல்களைச் சமமாக நிரப்ப உதவும் சின்ன வயர்) மறக்காமல் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வைக்கவும். வெயிலில் நிற்கும் காருக்குள் முழு சார்ஜோடு விட்டால் அடுத்த வாரம் பேக் தலையணை மாதிரி உப்பியிருக்கும்.